அபினாவின் அப்பாவுக்குப் பயிற்சி

அன்புள்ள விக்டோரியா அக்காவுக்கு,

தம்பி கிளீட்டஸ் பணிவுடன் எழுதுவது. நீயும் அத்தானும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். எங்கள் நலத்தைக் கீழே வாசித்துத் தெரிந்துகொள். போனில் சொன்னால் என் வீட்டுக்காரி சுபிதா பக்கத்தில் நின்று திருத்துகிறாள், அதனால்தான் கடிதம்.

அபினாவுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதும், மார்த்தாண்டத்தில் பெற்றோருக்கு நடக்கும் பயிற்சி வகுப்பில் நீதானே எங்களைச் சேர்த்துவிட்டாய். பிள்ளைக்கு ஏழு வயது, எனக்கு நாற்பத்தாறு, வீட்டுப்பாடம் எனக்குத்தான். பிள்ளை அலறும்போதெல்லாம் அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். பதினேழு தடவை ஒழுங்காக எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல பதினொண்ணுக்கு முன்னால நீங்கதான் சத்தம் போட்டிருக்கிய" என்றார். சுபிதா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

போன வாரம் பஸ்ஸில், ரோட்டில் நெரிசல் என்று டிரைவர் வண்டியை வேறு வழியில் திருப்பிவிட்டார். வழி மாறினால் அபினாவுக்குத் தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். முதலில் நீங்கள் அமைதியாகுங்கள் என்று வகுப்பில் சொன்னபடி நான் கண்ணை மூடி மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பக்கத்திலிருந்த மீன்காரி, "ஏ மக்கா, இவருக்கு நெஞ்சு வேதன போல கெடக்கு, வண்டிய நிறுத்துலே!" என்று கூப்பாடு போட, கண்டக்டர் ஓடிவந்து என் சட்டைப் பொத்தானை அவிழ்க்க, யாரோ தலையில் தண்ணீரை ஊற்ற, "எனக்கு ஒண்ணுமில்ல, நான் அமைதியா இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் பிள்ளை சீட்டுக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டாள். ஊர் வரும்வரை நானும் தரையில் அவள் பக்கத்திலேயே கிடந்தேன். "ரெண்டு அடி குடுத்து வளக்கத் தெரியல்ல" என்று பின்சீட்டில் ஒருவர் சொன்னது கேட்டது. வீட்டுக்கு வந்து குளிமுறியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் அக்கா. பிள்ளை மேல் ஒரு குறையுமில்லை. நான் தேறுவேன் என்ற நம்பிக்கைதான் எனக்குப் போய்விட்டது. ஆகவே, இனி கிளீட்டஸ் வரமாட்டான் என்று டீச்சரிடம் நீயே சொல்லிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வீட்டில் எப்போதும் தங்கட்டும்.

உன் தம்பி,
கிளீட்டஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டீச்சரே போன் செய்தார். கீரிப்பாறையிலிருந்து புதிதாக ஒரு தகப்பன் வந்திருக்கிறாராம், ரப்பர் பால் வெட்டுகிறவர். உள்ளே வராமல் வாசலில் நின்று அழுகிறார், ஒரு வார்த்தை பேசுங்கள் என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் புரியல்ல சாரே" என்றார் அந்த மனுஷன். "எனக்கும்தான். சனிக்கிழம வகுப்புக்கு வாரும், எனக்க பக்கத்துல ஒமக்கு எடம் போட்டு வைக்கேன்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. டீச்சரிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.