ஐந்தரை மதிப்பெண் காத்த காதை

வாழிய அவ்விரு கட்டைவிரல்கள்! நூற்று நாற்பது வீடியோ கேம்களின் பொத்தான்களை அழுத்தி அழுத்திக் காய்ப்பேறியும், விளம்பரத்துக்கு வளையாதவை, நட்புக்கு நெகிழாதவை, ஊரோடு ஒத்துப்போகும் கலையை ஒருநாளும் கல்லாதவை அவை. அவ்விரல்களுக்கு உரியவளாகிய நம் விமர்சகி, மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பாசறையாகவும், ஒரு கால் ஆடும் நாற்காலியைத் தேராகவும் கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகத்தையே தனியொருத்தியாக எதிர்த்து நின்ற திறத்தைச் சொல்லப் புகுந்தோம். கேட்போர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அமர்க.

பகை மூண்டது 'பனிப்புரவி' என்னும் விளையாட்டால். வெண்பனி வெளியில் குதிரையேறி, இறந்துபோன தங்கையின் கடைசிக் கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் கதை அது. அதைக் கண்டு விமர்சகர் குலம் முழுதும் கண்ணீர் பெருக்கிப் பத்துக்குப் பத்து வழங்கியது. பத்துக்குப் பதினொன்று தர வழியில்லையே என்று ஏங்கியவரும் உளர். அவளைக் கைப்பிடித்த கணவனே இறுதிக் காட்சியில் சோபாத் தலையணையை நனைத்தவன். அவள் ஒருத்தி மட்டும், 'காட்சி அழகு, இசை அழகு. ஆனால் குதிரை நாற்பது நிமிடம் நடக்கிறது, நான் ஆறு முறை கொட்டாவி விட்டேன்' என்று எழுதி, ஐந்தரை என்னும் மதிப்பெண்ணைக் கொடியாக நட்டாள்.

காலை ஒன்பதுக்குக் கட்டுரை இணையத்தில் ஏறியது. பத்து மணிக்குள், கரை உடைத்த ஏரிபோல் மறுமொழிகள் புகுந்தன. 'உனக்கெல்லாம் இதயம் இருக்கா?' என்றது ஓர் அம்பு. 'நீ கம்ப்யூட்டர்ல சீட்டு அடுக்கத்தான் லாயக்கு' என்றது மற்றொன்று. விளையாட்டை வாங்கவே வாங்காத ஒருவன் எல்லாரினும் கடுமையாகப் பொருதான். ஆறிப்போன காபியே கேடயமாக, அவள் அசையாதிருந்தாள்.

பகலுணவு முடிந்ததும் இணைய இதழாசிரியரின் தொலைபேசி அழைப்பு முரசறைந்தது.

"ஏம்மா, ஒரு ஏழு போட்டுடேன். ஏழுன்னா எவனும் வாயத் திறக்க மாட்டான். மூணு மணிக்குள்ள மாத்தலேன்னா அடுத்த கேமை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லி மேலிடத்துல சொல்றாங்கம்மா."

ஆறாண்டுகள் கட்டிக் காத்த விமர்சனப் பத்தி நூலிழையில் ஆடியது. அவள் துணைப்படை வேண்டிச் சோபாவை நோக்கினாள். அங்கே கணவன் மடிக்கணினியில் புயலெனத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இங்க வாயேன்."

"ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் மெயிலாக் கொட்டுது. இன்னிக்கு என் முறைதான், ஆனா பாத்திரத்த நீயே கழுவிடேன், ப்ளீஸ்."

கைவிடப்பட்ட வீராங்கனை மனம் தளர்ந்தாள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், ஐயகோ, அந்த வளையாத விரல் ஏழாம் எண்ணின்மேல் போய் நின்றது! நின்ற கணத்தில் வந்திறங்கியது ஒரு நெடிய மறுமொழி. எழுதியவன் பெயர் 'நியாயத்தராசு'. வசை இல்லை, எழுத்துப்பிழை இல்லை, குதிரையின் மெதுநடையே துக்கத்தின் நடை என்று பத்தி பத்தியாக வாதிட்டிருந்தான். தக்க எதிரி கிடைத்தானென்று அவள் தலைவணங்கப் போனாள். அப்போது ஐந்தாம் பத்தி கண்ணில் பட்டது: 'பாலத்துக் காவலனிடம் பதினொரு முறை செத்த எரிச்சலில் எழுதப்பட்ட விமர்சனம் இது.'

விளையாட்டுக்குள் நேர்ந்த அந்தச் சாவுகளைப் பற்றி அவள் ஒரு வரியும் எழுதவில்லை. பதினொன்றுக்கும் பூவுலகில் சாட்சி ஒருவனே.

தேர் சோபாவை நோக்கிக் கிறீச்சிட்டுத் திரும்பியது.

"தராசு சார், கொஞ்சம் இப்படிப் பாருங்க."

மடிக்கணினி பட்டென்று மூடிக்கொண்டது.

"ஏன், பதினொண்ணு இல்லையா? பன்னெண்டா?"

"ஆபீஸ் மெயில் எப்படிப் போகுது?"

"நேர்ல சொன்னா நீ எங்க பேச விடறே?"

"சரி. ஏழாக்கிடறேன். எல்லாருக்கும் நிம்மதி."

சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான் அவன்.

"ஐயோ, வேணாம்! அஞ்சரைன்னா நீ தப்பா சொல்றே. ஏழுன்னா பொய் சொல்றே. தப்பா சொல்றவளோட ஆயுசுக்கும் சண்டை போடலாம். பொய் சொன்னா நான் எதோட மோதுறது?"

 அவள் ஏழின்மேல் இருந்த விரலை எடுத்தாள். கட்டுரையின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'பாலத்துக் காவலனிடம் பதினொரு முறை செத்தேன் என்பதையும் வாசகர் கருதுக.' ஆசிரியருக்கு 'ஐந்தரைதான்' என்று ஓலை விடுத்தாள். 'சரி. அடுத்த கேம் உனக்கில்ல. அதுக்கடுத்தது பாக்கலாம்' என்று மறுவோலை வந்தது. அதை மார்பில் ஏற்ற விழுப்புண்ணாகத் தாங்கி, வசைமாரி இன்னும் பொழிந்துகொண்டிருக்க, தன் கொடி தரை தொடாமல், தன் சொல் தடம் புரளாமல், ஆடும் தேரில் ஆடாத நெஞ்சினளாய், வென்ற வேந்தர் எவர்க்கும் வாய்க்காத பெருமிதத்தோடு அவள் நிமிர்ந்து வீற்றிருக்க,

அவன் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினான்.