அத்தை வீட்டுக்குப் போன பொறிவண்டுகள்

எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புளிப்பு ஒத்துக்கொள்ளாது என்று வெளியில் சொல்வேன். பொய். இத்தனை வருடமாகியும் ஆறாத கோபம்.

இடஒதுக்கீட்டுப் போராட்ட சமயம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் பூச்சிமருந்துக் கடை திறக்கவில்லை. கச்சிராயபாளையத்தில் எங்கள் எலுமிச்சைக் கொழுந்தையெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது.

"திங்கக்கெழமைக்குள்ள பூச்சி போவலன்னா மரத்த வெட்டிட்டு கரும்பு நட்டுடுவேன்" என்றார் அப்பா.

"மருந்தே வேணாம்ப்பா. பொறிவண்டு உட்டா அசுவினியத் தின்னுடும்." (விவசாயப் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டு ஊருக்கே உபதேசம் செய்த வயது.)

பக்கத்துத் தோட்டத்து அத்தையிடம் தூக்குச்சட்டி ஒன்றை இரவல் வாங்கினேன். பஸ் ஏது? கல்வராயன் மலைக்கு நடந்தே ஏறி, அவரைக்கொடியில் மேய்ந்த வண்டுகளை இலையோடு கிள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வழியில் புளியமரத்தைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர் மறித்தார்.

"இன்னா தூக்குல?"

"பொறிவண்டுண்ணா."

"ஊரே ரோட்ல குந்திக்கினு கீது. நீ பூச்சி புடிச்சிக்கினு வரியா?"

திறந்து பார்த்தார். பாதி பறந்தது. மீதியை மூடிக்கொண்டு நடந்தேன்.

வெயில் தாழ்ந்தபின் திறந்து விட்டால்தான் வண்டு மரத்தில் தங்கும். தூக்கைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பினால் தூக்கைக் காணோம்.

"அத்த வூட்டுதுதான? எரவல் பொருள வெளக்கு வெக்கறதுக்குள்ள குடுத்துடணும். குடுத்துட்டேன்" என்றாள் அம்மா.

"உள்ள இருந்தது?"

"வெறுந்தூக்கா குடுப்பாங்க? மலைக்கீரன்னு அப்படியே குடுத்துட்டேன்."

ஓடினேன். அத்தை தன் தோட்டத்தில் நின்று திறந்து, அலறி, வீசியிருந்தாள். அவள் எலுமிச்சையிலும் அதே அசுவினி. வந்த இடத்திலேயே விருந்து கிடைத்தால் எந்த வண்டு வரப்பு தாண்டும்? வண்டுகளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

திங்கட்கிழமை அப்பா சொன்னபடியே வெட்டினார். (ரோட்டில்தான் வெட்டுகிறார்கள் என்று பார்த்தால் வீட்டிலுமா!) எல்லாம் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். அம்மா, அத்தை, மறித்தவர், வண்டு என்று எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. 'உள்ளே வண்டு இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போன என்மேல் கடைசியாகத்தான் வந்தது.

அத்தையின் மரங்கள் இன்னும் காய்க்கின்றன. வருடா வருடம் அதே தூக்கில் ஊறுகாய் வருகிறது. "பாத்து தெறடா, பறந்துடப் போவுது" என்று அத்தை சொல்ல, வீடே சிரிக்கும். அம்மா அதைக் கழுவி, விளக்கு வைப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வெறுந்தூக்காக அல்ல. என் மரங்கள் நின்ற இடத்துக் கரும்பில் காய்ச்சிய வெல்லத்தை வைத்து.