சம்பந்தி விருந்தில் நான் கிண்டிய சோறு

சோறு விஷயத்தில் எனக்குப் புத்தி சொல்ல ஆள் பிறக்கவில்லை என்றுதான் நாற்பத்தாறு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரத்தநாட்டுப் பக்கம் எட்டு ஏக்கர் நெல் விவசாயம். விதைக்கத் தெரியும், அறுக்கத் தெரியும், அவிக்கத் தெரியும், சாப்பிடத் தெரியும் (கடைசி வேலையில் எனக்கு ஈடே கிடையாது). அந்த நினைப்பு ஸ்பெயின் தேசத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பதினான்கு பேர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, ஒரேயடியாகப் போயிற்று.

என் மனைவி மாலதியின் தம்பி செந்தில் வலென்சியா நகரத்துக்குப் பக்கத்தில் இன்ஜினியராக இருக்கிறான். "வந்து பத்து நாள் சும்மா இருந்துட்டுப் போங்க மச்சான்" என்று மூன்று வருஷமாக நச்சரித்தவன், கடைசியில் அவனே டிக்கெட்டும் போட்டுவிட்டான். மே மாதம். இங்கே வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. நானும் மாலதியும், எட்டாவது முடித்திருந்த மகள் யாழினியும் கிளம்பிவிட்டோம்.

சும்மா இருப்பதில் இவ்வளவு சுகம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. காலையில் கடற்கரை. தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். மாலதி முதல் நாள் பாதத்தை நனைத்துவிட்டு "ஐயோ அம்மா!" என்று போட்ட சத்தத்தில், மணலில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். (நாம் தூங்கினால் சோம்பேறித்தனம், அவர்கள் தூங்கினால் கலாச்சாரம்.) சாயங்காலம் கடைத்தெருவில் ஜில்லென்று பால் மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தான் செந்தில். இரண்டு டம்ளர் குடித்த பிறகு, "இது ஒரு வகைக் கோரைக்கிழங்குல எடுக்கிற பால் மச்சான்" என்றான். ஆயுசு பூராவும் ஆள் விட்டுப் பிடுங்கி வரப்பில் எறிந்த கோரை! மூன்றாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கடற்கரைக்குப் பின்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். தண்ணீர் கட்டி அப்போதுதான் விதைத்திருந்தார்கள். செந்தில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பாக்கோ, அறுபத்தைந்து வயது இருக்கும், அங்கே விவசாயி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனாலும் தினமும் காலையில் என்னை வயலுக்குக் கூட்டிப்போவார். மடையைக் காட்டித் தலையாட்டுவார். நானும் தலையாட்டுவேன். நாலே நாளில் உயிர் சிநேகிதர்களாகிவிட்டோம்.

அந்தச் சிநேகத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டார். சாதாரண விருந்தில்லை. அவர் மகள் லூசியாவைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பா அம்மா வடக்கேயிருந்து முதல்முறையாக வருகிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சம்பந்தி விருந்து. பாக்கோ அவர் கையாலேயே 'பாயேயா' சமைத்தார். வண்டிச்சக்கரம் அகலத்துக்குத் தட்டை வாணலி, ஆரஞ்சு மர விறகு. கோழி, முயல், பீன்ஸ் எல்லாம் வெந்த சாற்றில் அரிசியைப் பரப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வாசலில் கார் சத்தம் கேட்டது. பாக்கோ என்னைப் பார்த்து, வாணலியைக் காட்டி, விரலை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டு ஓடினார். 'பார்த்துக்கொள்' என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். (அவர் சொன்னது 'தொட்டுவிடாதே' என்பது பிறகுதான் தெரிந்தது.) மொழிபெயர்க்க வேண்டிய செந்தில் ரொட்டி வாங்கப் போயிருந்தான்.

இரண்டே நிமிஷம். வாணலியில் படபடவென்று சத்தம். தீய்கிற வாசனை.

"அடிப்பிடிக்குது மாலதி!"

"நமக்கெதுக்குங்க? அவரைக் கூப்பிடுங்க."

"அவர் வர்றதுக்குள்ள கரியாயிடும். சம்பந்தி வீட்டு முன்னாடி மானம் போயிடும்!"

கரண்டியை எடுத்தேன். மேசையில் ஒரு ஜாடித் தண்ணீர் இருந்தது. அதை அப்படியே ஊற்றினேன். பிறகு கோயில் அன்னதானத்தில் கிண்டுகிற மாதிரி, இரண்டு கையாலும், அடிவரை விட்டுக் கிண்டினேன். யாழினி இதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்திகளோடு உள்ளே வந்த பாக்கோ, "நோ!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டார். வரப்பில் பாம்பை மிதித்தவன்கூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பின்னாலேயே வந்த செந்திலின் கையிலிருந்து ரொட்டி விழுந்தது.

"மச்சான்! இதைக் கிண்டவே கூடாது மச்சான்! அடியில பிடிக்கிற அந்தக் காந்தல்தான் இதுல விசேஷமே. அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க!"

பார்த்தேன். காந்தல் கரைந்து, அரிசி குழைந்து, பொங்கலுக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பாக்கோ ஆரஞ்சு மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். என் மகளின் சம்பந்தி விருந்தில் ஒருத்தன் இப்படிச் செய்திருந்தால் அவனை நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் பின்னால் போய் நின்று கைகூப்பி, "மன்னிச்சிருங்க, தெரியாம செஞ்சுட்டேன்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் திரும்பவில்லை.

பாக்கோவின் மனைவி அம்பாரோ வந்தார். ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்த்தார். உப்புப் போட்டார், எலுமிச்சம்பழம் பிழிந்தார். சூப் கிண்ணங்களில் ஊற்றி, முதலிலிருந்தே இப்படித்தான் செய்ய நினைத்தோம் என்கிற முகத்தோடு எல்லார் முன்னாலும் வைத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா ஆஜானுபாகு. வந்ததிலிருந்து சிரிக்கவேயில்லை. முதல் கிண்ணம் காலியானது. இரண்டாவது கேட்டார். மூன்றாவதும் முடிந்ததும் எழுந்துபோய்ப் பாக்கோவின் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். செந்தில் என் காதில் கிசுகிசுத்தான்: "பாயேயான்னா வறவறன்னு இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தாராம். இது அமிர்தமா இருக்காம். கல்யாணத்துக்கும் இதையேதான் செய்யணுமாம்."

பாக்கோ ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து வந்து, கரண்டியை என் கையில் திணித்து, காலி ஜாடியைக் காட்டி, எவ்வளவு என்று சைகையில் கேட்டார். மேசை முழுக்கச் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார், பாவம்.

மீதியிருந்த நாலு நாளும் காலையில் அவரோடு வயலுக்குப் போனேன். அடுத்த வருஷம் லூசியா கல்யாணத்தில் ஒரு வாணலி முறைப்படியும் ஒரு வாணலி என் முறைப்படியும் வைத்தார்களாம். இங்கே எங்கள் வீட்டில் சாதம் குழைந்தால் மாலதி கவலைப்படுவதில்லை, "ஸ்பெயின் பதம்" என்று சொல்லிப் பரிமாறிவிடுகிறாள். கட்டிக்கொடுத்த என் தங்கை வீடுவரை அந்தப் பேர் பரவிவிட்டது.

போன மாதம் செந்தில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பாக்கோ மடியில் பேரன், வாயைச் சுற்றிக் குழைந்த சோறு. கீழே எழுதியிருந்தான்: "பல்லில்லாதவங்களுக்கு உங்க சமையலை அடிச்சுக்க ஆளில்லைன்னு பாக்கோ சொல்லச் சொன்னார் மச்சான்."