நாற்பது கால் சிப்

"உள்ளே புதுசு, வெளியே பழசு. அவ்வளவுதானேப்பா?" என்றார் மேலாளர்.

சொல்லிவிட்டுப் போகிறவருக்கு என்ன, மாட்டிக்கொண்டு முழிப்பது இடுக்கிதானே! எந்நேரமும் கையில் இடுக்கியோடு திரிவதால் அந்தப் பொறியாளருக்கு ஆபீஸில் அதுவே பெயராகிவிட்டது.

ஒரு தொழிற்சாலையின் அட்டைப்பெட்டி ஒட்டும் மெஷினுக்கு முப்பது வருடத்துப் பழைய சிப் வேண்டுமாம். அதை இப்போது யாரும் செய்வதில்லை. ஆகவே புதுப் பிராசஸரை அதே நாற்பது கால் கூட்டுக்குள் அடைத்துத் தரவேண்டும். சோதித்துப் பார்க்கப் பழைய போர்டு ஒன்றும் அனுப்பியிருந்தார்கள்.

"மெஷின் ஓடிச்சுன்னு அவங்க கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா உன்னைப் புகார் பிரிவுக்கு மாத்திடுவேன்."

புகார் பிரிவு என்றால் நாள் முழுக்கப் போனில் வசவு வாங்கும் உத்தியோகம். இடுக்கி அன்றே வேலையில் இறங்கினான்.

பழைய போர்டின் மின்சாரம் தாங்காமல் முதல் சிப் புகைந்தது. மின்சாரத்தைக் குறைக்க உள்ளேயே ஒரு குட்டிச் சர்க்யூட் வைத்தான். அது கொதித்தது. சூடு தணிய மேலே அலுமினியத் தகடு ஒட்டினான். இப்போது போர்டின் மூடி மூட மறுத்தது. தகட்டைப் பாதியாகத் தேய்த்து ஒருவழியாக மூடினால், பெட்டி வந்ததாகச் சிக்னல் கொடுக்குமுன்பே போர்டில் 'ஒட்டியாச்சு' என்று விளக்கு எரிந்தது.

"ஏம்ப்பா இவ்வளவு அவசரம் அதுக்கு?"

"புதுசு சார், வேகமாத்தான் இருக்கும்."

"பழசு மாதிரி மெதுவா போகச் சொல்லு!"

ஒவ்வொரு வேலைக்கும் நடுவே லட்சம்வரை எண்ணும்படி அதற்கு உத்தரவு போட்டான். எண்ணி எண்ணியே மறுபடி கொதித்தது. சரி, எண்ணாதே, தூங்கு என்றான். தூங்கியது எழுந்திருக்கவில்லை.

"சிப்பைத் தூங்க வைக்கிறதுக்குச் சம்பளமா?" என்று போனில் வெடித்தாள் மனைவி. "வீட்டுல பிள்ளையைத் தூங்க வைக்க மட்டும் உங்களுக்குக் கை வராது!"

ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டபின், உலகத்தின் அதிநவீன பிராசஸர் முப்பது வருடத்துக் கிழத்தைப் போலவே ஆடி அசைந்து ஓடியது. மேலாளர் தானே கண்டுபிடித்ததாகக் கூட்டம் போட்டுப் பேசினார்.

இடுக்கி சிப்பைத் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டு ஓடினான். ஸ்டோர் கீப்பர் நாற்பது காலையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"ஐயோ, பூட்டாதீங்க! மெஷின்ல போட்டு ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க சார், என் வேலையே அதுலதான் இருக்கு!"

"எந்த மெஷின் சார்? அதைப் பழைய இரும்புக்குப் போட்டு நாலு வருஷமாச்சு. ஸ்பேர் அலமாரிக் கணக்குல ஒண்ணு குறையுதுன்னு தலைமை ஆபீஸ்ல நச்சரிச்சாங்க, அதான் உங்ககிட்ட கேட்டோம்."