முகூர்த்தப் பிரிவில் ஒரு வெள்ளைத் திட்டு

சமத்துவத்தைத் தேடி மனித குலம் எங்கெங்கோ அலைந்து செருப்பைத் தேய்த்தது. பாவம், விலாசம் தெரியவில்லை. அது காஞ்சிபுரத்தில், ஆனந்தராஜ் முதலாளியின் பட்டுக்கடையில், ஏ.சி. போட்ட இரண்டாவது மாடியில் சௌக்கியமாக இருந்தது.

அதை முதலில் அனுபவிக்கும் பாக்கியம் விற்பனைப்பெண் ஜீவிதாவுக்குக் கிடைத்தது. நெற்றி நடுவில் வெள்ளைத் திட்டு. அதற்கு மேலே ஒரு கொத்து வெள்ளை முடி. பிறவியிலேயே வந்தது. அப்பா பரசுராமனுக்கும் அப்படித்தான், அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். ஒட்டுவாரொட்டியும் இல்லை, வலியும் இல்லை. பங்காளிகள் யாரும் கேஸ் போடாத ஒரே பரம்பரைச் சொத்து.

கல்யாணப் பெண்களின் தோளில் முந்தானையைப் போட்டு அழகு பார்க்க வேண்டும் என்பது ஜீவிதாவின் கொள்ளை ஆசை. முகூர்த்தப் பிரிவில் ஒரே ஒரு காலை நின்றாள். ஒரு சம்பந்தியம்மாள் கொதித்துவிட்டாள்.

"முகூர்த்தப் பொடவ எடுக்க வந்தா, மொதல்ல வெள்ளையைக் காட்டுறீங்களே, நல்லா இருக்குதா?"

"ஆவாதுதாம்மா" என்றார் முதலாளி, தும்பைப்பூ வேட்டி சட்டையில் நின்றபடி. 'நிர்வாக நலன் கருதி' ஜீவிதா குடோனுக்கு மாற்றப்பட்டாள். அங்கே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு, முதலாளியின் மகன் யுவன் சென்னைக் கருத்தரங்கு ஒன்றில் ஞானம் பெற்றுத் திரும்பினான். அவசரக் கூட்டம் கூடியது.

"நைனா, தோல்ல திட்டு இருக்கிற மாடல்தான் இப்ப ட்ரெண்டு. 'எல்லாத் தோலும் பட்டுதான்'னு பேனர் வெச்சா ஊரே திரும்பிப் பாக்கும்!"

"அப்படி ஒரு பொண்ணுக்கு எங்கடா போறது?"

கூட்டத்துக்கு டீ கொண்டுவந்திருந்த ஜீவிதா, தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சர்க்கரை கேட்க நிமிர்ந்த முதலாளி அசந்துபோனார்.

"அடடே! நம்ம ஜீவிதா! நாளைக்கே முகூர்த்தப் பிரிவுக்கு வந்துடும்மா."

மறுநாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிர் நாற்காலியில் சென்னையிலிருந்து வந்த மாடல் அபி. மேக்கப்காரர் ஜீவிதாவைப் பார்த்துப் பார்த்து, அபியின் நெற்றியில் அதே திட்டை வரைந்தார்.

"உங்களுது கொஞ்சம் கோணலா இருக்குதுங்க" என்று ஜீவிதாவிடமே குறைப்பட்டுக்கொண்டு, அபிக்கு நேராகப் போட்டார். இயற்கையின் பிழை இவ்வாறு திருத்தப்பட்டது.

பேனர் ஏறியது. முகூர்த்தப் பிரிவில் நின்ற அபியோடு செல்ஃபி எடுக்கக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. "எவ்ளோ தைரியம் இந்தப் பொண்ணுக்கு!" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜீவிதாவை மட்டும் குடோனுக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக முதலாளியிடம் போனாள்.

"சார், அந்தப் பொண்ணு நெத்தியிலயும் வெள்ளைதானே இருக்குது? அது நிக்கலாம், நான் நிக்கக் கூடாதா?"

முதலாளி அன்பே உருவாக விளக்கினார். "அவங்களுது சாயங்காலம் கழுவினா போயிடும்மா. உன்னுது போவாதே!"

"பொடவைக்கு மட்டும், கழுவினாலும் கலர் போவாது, கேரண்டின்னு சொல்லி விக்கிறீங்களே சார்" என்றாள் ஜீவிதா. "இந்தக் கடையில நெசமாவே போவாத கலர் என் நெத்தியிலதான் இருக்குது. அதைத்தானே குடோன்ல போட்டுப் பூட்டுறீங்க?"