நைட்டிக்கா விமானம் ஏறிய நாள்

பக்கத்து மாடியில் யாரோ ஈரத்துண்டை உதறினார்கள். படீரென்று ஒரு சத்தம். தொலைக்காட்சியில் நான்கு பேர், விமானப் பயணிகளுக்கு உடைக்கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஊமையாக்கிவிட்டு அந்தத் துண்டின் சத்தத்தையே மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நைட்டிக்காதான்.

நெய்வேலியில் நைட்டிக்கா நைட்டியோடு போகாத இடம் ஒன்று உண்டென்றால் அது சுரங்கத்தின் அடிமட்டம். அங்கேயும் ஹெல்மெட் வேண்டும் என்றார்களே என்றுதான் போகவில்லை. நைட்டி கூடாது என்று சொல்லியிருந்தால் கட்டாயம் போயிருப்பார்.

எங்கள் பிளாக்கில் எதிர் குவார்ட்டர்ஸ். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வாசலைத் தாண்டுமுன் ஒரு டர்க்கி துண்டைப் படீரென்று உதறித் தோளில் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் தெருநாய்கூட எழுந்து ஓரமாக நிற்கும்.

ஒழுங்கில்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவரிடம் சட்டமே இருந்தது. வாசல் தெளிக்க வெளுத்தது, பஜாருக்குப் பூப்போட்டது, வங்கிக்குக் காலர் வைத்தது, துக்கவீட்டுக்குக் கரும்பச்சை. பின் தெருவில் ஒரு சாவுக்கு மஞ்சள் பூ நைட்டியில் வந்த பெண்ணை வாசலிலேயே மறித்து, மாற்றிக்கொண்டு வா என்று விரட்டிவிட்டார். விரட்டப்பட்டவர் இறந்தவரின் மருமகள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மகள் ரம்யா பள்ளியில் படித்தபோது, பெற்றோர் கூட்டத்துக்கு அடுத்த முறை சேலையில் வரும்படி ஆசிரியை சொன்னார். நைட்டிக்கா கோபப்படவில்லை.

"எங்க வூட்டுக்காரருக்கு ஷிஃப்ட்டுக்கு யூனிஃபார்ம் குடுக்கறாங்க டீச்சர். ஷிஃப்ட்டு முடிஞ்சா கழட்டிடுவாரு. எனக்கு நாள் பூரா ஷிஃப்ட்டு. இதான் யூனிஃபார்ம்."

அடுத்த கூட்டத்தில் அவரை முதல் வரிசையில் உட்கார வைத்ததாகச் சொல்வார்கள். சொல்வது நைட்டிக்காதான்.

ஒரு மாலை துணி மடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். வடக்குத்துப் பக்கம் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். சேற்றில் நனைந்த சேலை நாளெல்லாம் முழங்காலை அறைந்துகொண்டிருக்கும். தூக்கிச் செருகினால் வரப்பில் நிற்பவன் பார்வை வேறு. சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்த கணவர் பர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் கிடைத்த வாரம் இவர் பஜாரில் ஒரு நைட்டி வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு, பொழுது சாயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

"நைட்டி போட்டுக்கினு இருந்தா, இவ இனிமே யாரு வயல்லயும் எறங்க மாட்டான்னு அர்த்தம் தங்கச்சி."

அதற்குப் பிறகு அவர் தெருவில் வரும்போது வேறுமாதிரி தெரிந்தார். காற்று புகுந்து அந்தத் துணி உப்பும். பாய் விரித்த தோணி ஒன்று பழுப்பு நிலக்கரித் தூசிக்கு நடுவே தனக்கென்று ஒரு கடலை வைத்துக்கொண்டு போகும்.

ஹைதராபாத்தில் கட்டிக்கொடுத்த ரம்யாவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. திடீரென்று ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, நாளை மாலை ஆபரேஷன் என்று மருமகன் ஃபோனில் சொன்னார். அவருக்கு அம்மா கிடையாது. ரயிலில் கிளம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒரு கூட்டத்துக்காக நான் மறுநாள் காலை ஹைதராபாத்துக்கு விமானத்தில் போகவிருந்ததால், மருமகன் அதே விமானத்தில் மாமியாருக்கும் இடம் எடுத்தார்.

செய்தி பரவியதும் தெரு கூடிவிட்டது. அதிகாரி ஒருவரின் மனைவியான உமா மேடம் பலமுறை பறந்தவர். செல்ஃபோனில் விதிகளைத் தேடிப் படித்தார்: முறையற்ற உடையில் வருகிறவர்களை ஏற்ற மறுக்கலாம். எது முறையற்றது என்று அதில் இல்லை. அதைத் தெருவே முடிவு செய்தது.

நைட்டிக்கா சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தோம். அவர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேற எடம்னா மல்லுக்கு நின்னு பாத்துடுவேன். இவங்க ஏத்தலன்னா எம் பொண்ணு அங்க தனியா கெடப்பா. எதுனா கட்டி வுடுங்க."

தெரு பாய்ந்தது. உமா மேடத்தின் அரக்குப் பட்டு, யாருடையதோ கல் நெக்லஸ், பக்கவாட்டில் பிரித்து விடப்பட்ட இரவல் ரவிக்கை. மடிப்புக்கு மடிப்பு ஊக்கு. கிளம்பும்போது நைட்டிக்கா தேர்போல இருந்தார். காருக்குள் ஏற்ற நாலு பேர் தள்ளவும் வேண்டியிருந்தது.

விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். எங்கு பார்த்தாலும் அரைக்கால் சட்டை, முழங்கால் கிழிந்த ஜீன்ஸ். கரடிக்குட்டி அச்சிட்ட பைஜாமாவில் ஒரு பெண், கையில் தலையணையோடு. நைட்டிக்கா என் காதருகே குனிந்தார்.

"இன்னிக்கு பிளேன் ஏறப்போறது நாம ரெண்டு பேருதான் போல."

சோதனைத் திரைக்குப் பின்னே காவல் பெண் கருவியால் தடவ, அது தோளில் கத்தியது, இடுப்பில் கத்தியது, போன இடமெல்லாம் கத்தியது. என்ன இது என்றுதான் அந்தப் பெண் இந்தியில் கேட்டார். ஊக்கு கூடாதென்கிறார் என்று பதறிப்போன நைட்டிக்கா ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். வேண்டாம், வேண்டாம் என்று அவர் கையசைக்க, இவர் இன்னும் வேகமாகக் கழற்றினார். உமா மேடத்தின் கைவேலை மொத்தமும் பொலபொலவென்று சரிந்தது.

வெளியே எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு. மறுபடி மடிப்பு வைக்கப் பார்த்தார். பட்டு வழுக்கிக்கொண்டே போனது. கண் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மகளோடு தங்குவதற்கென்று ஒரு நைட்டியும் டர்க்கி துண்டும் அவர் கைப்பையில் இருந்தன. நான்தான் இரண்டையும் எடுத்து நீட்டினேன். சேலையை அள்ளிச் சுருட்டிக்கொண்டு கழிப்பறைக்குள் ஓடினார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து படீரென்று ஒரு சத்தம். வந்தது எங்கள் தெரு நைட்டிக்கா.

விமானத்துக்குப் போகும் வாசலில் சீட்டைப் பார்க்கிற பெண்ணுக்குச் சின்ன வயது. இறுக்கமான பாவாடை, கழுத்தில் ஸ்கார்ஃப், குதிகால் உயர்ந்த செருப்பு. சீட்டைப் பார்த்து, வாங்க மேடம், போங்க என்று தமிழில் சொன்னாள். நைட்டிக்கா போகவில்லை.

"இது நைட்டி கண்ணு. நல்லா பாத்துக்கோ. அப்புறம் நடுவழியில எறக்கி வுட்டுடாத."

"தெரியுதுங்க," என்று சிரித்தாள் அந்தப் பெண். "எதுவும் சொல்ல மாட்டாங்க."

நைட்டிக்காவின் பார்வை அவளுடைய செருப்புக்கு இறங்கியது. அவள் ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏறிப் போறவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. நாள் பூரா நிக்கறவளுக்குத்தான் எல்லா சட்டமும்."

 நாங்கள் நடைவழியில் திரும்பி மறையும்வரை அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள்.

விமானத்தில் நைட்டிக்காவுக்கு அந்தப் பக்கம் அரைக்கால் சட்டை இளைஞன் ஒருவன். குளிர்காற்றில் அவன் தொடை மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. நைட்டிக்கா பையைத் திறந்து, அரக்குப் பட்டை அவன் கால்மேல் விரித்துப் போர்த்திவிட்டார். அவன் தாங்க்ஸ் ஆன்ட்டி என்றான். பிறகு ஜரிகைக் கரையை மோவாய்வரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனான். மேகங்களுக்கு மேலே ஒரு கல்யாண மாப்பிள்ளை.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு பேரும் நலம், பேத்தியை வளர்க்க அக்கா அங்கேயே தங்கிவிட்டார், கணவர் ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலிசெய்தார்: இதெல்லாம் பின்னால் ஃபோனில் வந்தவை. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஹைதராபாத் விமான நிலைய வாசலில்தான். மருமகன் ஓடிவந்தார். பயத்தில் பனியனை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டிருந்தார். கால்களில் ஜோடி மாறிய செருப்புகள். மாமியாரின் நைட்டியை அவர் கவனிக்கவேயில்லை. ரம்யா உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் அத்தை என்று பையை வாங்கிக்கொண்டு முன்னால் விரைந்தார். நைட்டிக்காவும் நாலெட்டு ஓடினார். பிறகு திரும்பி வந்து, அக்குளில் மடித்து இடுக்கியிருந்த பட்டுச்சேலையை என் கையில் வைத்து அழுத்தினார்.

"உமா மேடத்துக்கிட்ட குடுத்துடு தங்கச்சி. கட்டிக்கினுதான் ஏறுனேன்னு சொல்லு. பாவம், அவ்ளோ ஆசையா ஊக்கு குத்தி வுட்டாங்க. நான் போறேன், எம் பொண்ணு தேடிக்கினு இருக்கா."