கத்தி, கத்தரிக்கோல், தையல்நாயகி

ஒரு காட்டில், மேற்கு மலைச்சரிவின் மூங்கில் புதர்களுக்கு நடுவே, தையல்நாயகி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தாள். அவளுக்குப் பகை என்று யாரும் இல்லை. நெருக்கம் என்றும் யாரும் இல்லை. மான் ஆனாலும் முயல் ஆனாலும் பத்தடி தள்ளி நின்று, "சௌக்கியமா?" என்று கத்திக் கேட்பார்கள். அவளும் "சௌக்கியம்" என்று கத்துவாள். இப்படியே கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒருநாள் வடக்கேயிருந்து வந்த வாலாட்டிக் குருவி ஒன்று, "கொல்கத்தாவா அது? காலை வைக்க இடமில்லை. எல்லாரும் எல்லாரையும் இடிக்கிறார்கள்" என்று அலுத்துக்கொண்டது. தையல்நாயகி அன்றைக்கே ஒரு முதுகுப்பை வாங்கினாள்.

ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் போய், கொல்கத்தாவின் ஹௌரா நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு எருமை அவள்மேல் சாய்ந்து நின்றுகொண்டு கைபேசியில் பேச ஆரம்பித்தது. முள் குத்தியதை அது கவனித்த மாதிரியே தெரியவில்லை. தையல்நாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. பேசி முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.

ஆற்றங்கரைச் சந்தில் ஒரு மலிவு விடுதி இருந்தது. பிமல்பாபு என்ற மீன்பிடிப் பூனை அதன் மேலாளர். மைத்துனரின் வைத்தியத்துக்காக வேலூரில் ஆறு மாதம் தங்கியவர், ஆகவே தமிழ் தெரியும். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"கத்தி, கத்தரிக்கோல், ஊசி, வேற கூரான பொருள் ஏதாவது இருக்காம்மா?"

"முள்ளு இருக்கு சார்."

"எத்தனை?"

"எண்ணினதில்லை."

"கூரான பொருள் எல்லாம் லாக்கர்லதான் இருக்கணும். விதி."

"இதைக் கழட்ட முடியாதே சார்."

பிமல்பாபு விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். முள்ளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ நீங்களும் கூடவே உள்ள போயிடுங்க."

லாக்கர் நல்ல விசாலமான இரும்பு அலமாரி. காற்றுக்கு ஓட்டை இருந்தது. கட்டில் வாடகையில் பாதிகூட இல்லை. வெளியே மூன்றடுக்குக் கட்டில்களில் இருபது பேர் ஒருவர் குறட்டையை ஒருவர் வாங்கிக்கொண்டு கிடக்க, அவள் கால் நீட்டித் தூங்கினாள்.

காலையில் லாக்கருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கங்காரு அவளை மறித்தாள். வயிற்றிலேயே பை வைத்திருந்ததால் ஆளுக்கொன்று, சாமானுக்கொன்று என்று இரட்டை வாடகை கட்டியவள் அவள்.

"உனக்கு மட்டும் எப்படித் தனி ரூம்?"

"முள்ளு இருந்தா கொடுக்கறாங்கக்கா."

"எனக்கு ஒண்ணு தாயேன்."

ஒரு முள்ளைப் பிடுங்க வேண்டும் என்றால் கிட்டே வந்து, தோளைப் பிடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். கங்காரு இழுத்தாள். "வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள். தையல்நாயகியிடம் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. இல்லை என்று பொய் சொன்னாள்.

கங்காரு அந்த முள்ளைக் காதில் செருகிக்கொண்டு போய், அது பரம்பரைச் சொத்து, பிரிந்து இருக்க முடியாது என்றாள். பிமல்பாபு சாவி கொடுத்தார்.

மத்தியானத்துக்குள் தையல்நாயகி முன்னால் ஒரு வரிசை நின்றது. கரடிக்கு இரண்டு முள் தேவைப்பட்டது. எல்லோரும் கிட்டே வந்தார்கள், தோளைப் பிடித்தார்கள், வலிக்குதா என்று கேட்டார்கள். சாயங்காலம் எல்லோருமாக டிராமில் தொங்கினார்கள். மண்குவளையில் தேநீர் குடித்தார்கள். கரடி அவள் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு, "நீ என் தங்கச்சி மாதிரி" என்றது. அவள் அன்றைக்கு இன்னும் நான்கு பேருக்குக் கேட்காமலே கொடுத்தாள்.

மூன்றாம் நாள் லாக்கர்கள் அத்தனையும் ஆட்களால் நிறைந்தன. பைகளை வைக்க இடமில்லாததால் அவற்றைக் கட்டில்களில் படுக்க வைத்தார்கள். பிமல்பாபு புது அறிவிப்பு எழுதி ஒட்டினார். இனிமேல் லாக்கர் என்பது தனியறை, வாடகை மூன்று மடங்கு. கட்டில் என்பது சாமான் வைக்குமிடம், சல்லிசு. யாரும் முணுமுணுக்கவில்லை. இணையத்தில் 'அமைதியான தங்குமிடம்' என்று ஐந்து நட்சத்திரம் போட்டார்கள்.

அன்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கைநிறையக் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்து தையல்நாயகி திரும்பியபோது அவள் உடம்பில் ஒரு முள்கூட மிச்சமில்லை. பிமல்பாபு அவளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கூரான பொருள் எதுவும் இல்லையேம்மா. லாக்கர் கிடையாது."

"கட்டில்ல படுத்துக்கறேன் சார்."

"அது சாமானுக்கு. ஆள் படுத்தா அழுக்காகும்."

அவள் கரடியின் லாக்கரைத் தட்டினாள். "அண்ணே, ரெண்டுல ஒண்ணைத் திருப்பிக் கொடேன்."

"ஒரு முள்ளுக்குப் பாதி லாக்கர்தான் தருவாங்க தங்கச்சி" என்றது உள்ளேயிருந்து குரல். "நீ ரொம்ப நல்லவ."

கங்காரு கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து, "காலையில பேசலாமா?" என்று மூடிக்கொண்டாள்.

தையல்நாயகி நடை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே தெருவில் குடையோடு குடை முட்டிக்கொண்டு ஊர் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள்.

"சார், சாமானுக்கு ஒரு படிவம் கொடுங்க."

"சாமான் எங்கே?"

அவள் மேசைமேல் ஏறி, கைகால்களை மடக்கிக்கொண்டு படுத்தாள். பிமல்பாபு எடை பார்த்தார். பதினோரு கிலோ.

"உள்ளே என்ன இருக்கு?"

"உடையக்கூடியது."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். காலில் ஒரு சீட்டைக் கட்டினார். இரண்டு கைகளாலும் பதமாகத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தையில் வைத்தார். இரண்டு பக்கமும் இருந்த பைகள் அவள்மேல் சாய்ந்தன. ஒன்றுகூட விலகவில்லை. சாமான் ஒரு மாதம் வரை இருக்கலாம் என்று சீட்டில் போட்டிருந்தது.

நீதி: ஆளாகப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், பையாகப் போனால் பதமாகத் தூக்கி வைப்பார்கள். ஆகவே மலிவாக ஊர் சுற்ற நினைப்பவர்கள் முதுகுப்பையை வாங்க வேண்டாம், முதுகுப்பையாக மாறிவிடவும்.